பற்றுச்சீட்டில் ஒரு நிரல்

துறைமுகக் கழிவோடு வந்தது இது.
கொள்கலனுக்குள் இயந்திரம் உருளாமல்
அண்டை கொடுத்து நின்ற பலகை.
கிராண்ட்பாஸ் கிட்டங்கியில்
விறகு விலைக்குக் கிலோக் கணக்கில் தந்தார்கள்.

மூன்றடி நீளம். ஒரு முனையில்
கோதுமைக் கதிர் முத்திரை.
நாட்டுக்கு இரண்டெழுத்து,
ஒன்றை ஆணி தின்றுவிட்டது.
மிச்சம் ஒரு ‘எம்’.
மலேசியாவா, மெக்சிகோவா, மொசாம்பிக்கா,
பக்கத்து மியன்மார்தானா.

சீவுளி ஓட்டினேன்.
முதல் சுருள் தோடம்பழத் தோல் நிறம்.
இரண்டாவதில் தும்மல்.
ஒன்பது என்று எண்ணினாள் அடுத்த கடை ரிஸ்மியா,
“யாரோ நெனைக்கிறாங்க.”

முதிரை இல்லை.
முதிரையில் வெளிச்சம் புரண்டு படுக்கும்.
பாலை இல்லை,
என் வாளில் இன்னும் எல்லாப் பல்லும் இருக்கிறது.
தேக்கின் எண்ணெய் விரலில் ஒட்டவில்லை.
நாக்கிலும் வைத்தேன்
(செய்யக் கூடாத காரியம்,
செய்யாத தச்சரை நான் கண்டதில்லை)
கசப்பு, பிறகு மிளகு,
பிறகு ஒன்றுமில்லை.

ஜம்பட்டா வீதியில்
என் பட்டறைக்கு மேல்மாடி, கல் தரகர் நவ்பர்.
நீலக்கல்லுக்குள் நூல் தேடும் அவருடைய
பத்து மடங்கு வில்லையை இரவல் வாங்கினேன்.
முனையைச் சவர அலகால் சீவி
எச்சில் தடவிப் பார்த்தால்
துளைகள் இரண்டு மூன்றாய்க் கூடி நிற்கின்றன,
பஸ் வராத தரிப்பிடத்தில் சனங்கள் போல.
ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய கண்ணிமை.
சிலவற்றுக்குள் மஞ்சள் பொடி.
நவ்பரும் குனிந்து பார்த்தார்:
“உள்ளே தூசி. விலை குறையும்.”

அடகுக் கடையில்
கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை
ஐந்து நிமிடம் தந்தான் காசாளர் சுகிர்தன்.
சிராய் ஊறிய தண்ணீரை அதன் கீழ் வைத்தேன்.
நீலமாய் எரிந்தால் வேங்கையின் உறவு.
எரிந்தது என் வெள்ளைச் சட்டை.
கொஞ்சம் அவன் பல்லும்.

ஒரு பெயர் குறைந்தது, அவ்வளவுதான்.
இல்லை இல்லை என்று
ஒரு மூலைக்குத் துரத்திக்கொண்டு போவது இந்த வேலை.
மூலையில் ஒரு கதவு இருந்தால்
என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஜொய்லின் வந்தாள்,
எட்டு மாத வயிறு.
வந்தவுடன் இதைத்தான் தடவினாள்.
“தொட்டில் விளிம்பு இதிலேயே செய்யுங்கோ.”
“தெரியாத மரம்.”
“தெரியாட்டி என்ன, வடிவாத்தானே கிடக்கு.”
வடிவுதான்.
நான் அந்த ஒன்பது தும்மலை நினைத்தேன்,
முளைக்கப் போகும் பல் எதையும் கடிக்கும் என்பதையும்.

பலாவில் செய்து கொடுத்தேன்.
பிள்ளைப் பல் பட்டால் பலாதான் தோற்கும்.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தில்
அளவு, விலை, பிறகு மூன்றாம் நிரல்: இனம்.
பலா என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
இந்த நகரத்தில் இதே சொல்லுக்கு எதிரே
வேறு தாள்களிலும் எழுதியிருக்கிறேன்.
வெள்ளவத்தையில் அறை எடுத்த வருடம்,
பொலிஸ் படிவம், மூன்றே எழுத்து.
வில்லை வேண்டியிருக்கவில்லை அவர்களுக்கு.

இரண்டு கிழமை யன்னலோரம் கிடந்து
பலகை பழுப்பாகிவிட்டது.
தோடம்பழ நிறத்தை நம்பி நான் தள்ளிய பெயர்களில்
பாதி திரும்பி வந்து வாசலில் நிற்கின்றன.
ஈரம் பட்ட ஆணியைச் சுற்றி
மை கொட்டினாற்போல் கறுப்பு.
மஞ்சள் பொடி, இந்தக் கறுப்பு, அந்த ‘எம்’.
மெர்பாவு என்று நாக்கு எழும்புகிறது.
நாக்கை நான் முன்பும் நம்பியிருக்கிறேன்.

வில்லைக்கு வாடகையாக
நவ்பருக்குக் கல் வைக்க ஒரு பெட்டி செய்தேன்,
மூக்கில் துணி கட்டிக்கொண்டு.
அடியில் பென்சிலால்: மெர்பாவு?
கேள்விக்குறியை அழிக்கச் சொன்னார்,
பிறகு விற்க இலகுவாம்.
அழிறப்பர் இல்லை என்றேன்.
மேசையில் மூன்று கிடந்தன.