மூன்று வாளி கறுப்பு

பொனற்றைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினேன்.
பத்து வருசம் ரோல்ஸ் பொரித்த கடையின்
குசினிச் சுவர்தான் உள்ளே.

புலோலியில் இந்தக் காரைப் பேசித்தந்த
தரகர் தவநீசன் சொன்னது:
“ஒரு சொட்டும் ஒழுகாது தங்கச்சி, சத்தியமா.”
அந்தச் சத்தியம்
ரொக்கர் கவரிலிருந்து கீழே சம்ப் வரைக்கும்
ஒரு விரல் தடிப்பில் படிந்து கிடக்கிறது.
செம்மண்ணும் எண்ணெயும் குழைந்த அதற்குள்
ஒரு வேப்பங்கொட்டை,
எலி கொண்டுவந்து வைத்த
பாதி மிக்சர் பைக்கற்.

எஞ்சின் ஆறட்டும்.
குழந்தைக்கு வார்க்கிற தண்ணியின் சூடு போதும்.
பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டு
ஓல்டனேற்றருக்கு ஒரு சொப்பிங் பை,
டிஸ்ரிபியூட்டருக்கு ஒன்று,
காற்று இழுக்கும் வாய்க்கு ஒன்று.
துணிக்கடைப் பெயர் எழுதிய மூன்று தலைகள்
றப்பர் வளையத்தில் கழுத்து இறுகி
என்னைப் பார்க்கின்றன.

காரின் கீழே தறப்பாள்.
சுற்றிவரக் கல் வைத்து ஓரம் உயர்த்தி
பள்ளமான மூலையில் ஒரு பேசின்.
ஸ்ரான்லி வீதியில் வாங்கிய டிகிறீசர்
ஊதா நிறம். மூக்கைச் சுடுகிறது.

வேலிக்கு அங்கால் யேசுரட்ணம் அண்ணை:
“உதுக்கேன் காசைக் கரியாக்கிறாய்?
மண்ணெண்ணெய் அடிச்சு
பிரஷரைப் போட்டு விடு பிள்ளை,
நிலம் குடிக்கும்.”

நிலம் குடிக்கும்.
அதுதான் அண்ணை எனக்குப் பயம்.

பத்து நிமிசம் ஊறவிட்டு
தேய்ந்த பல்பிரஸ்சால் உரசினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு போல்ற்றின் தலை.
பிறகு, யாரும் எனக்குச் சொல்லாத
வெள்ளி நிறம்.
வார்ப்பில் பதிந்த இரண்டு யப்பான் எழுத்து.
வாசிக்கத் தெரியவில்லை,
தெரிந்தவள்போல் இரண்டு தரம் தடவினேன்.

குழாயை நெரிக்காமல், மெல்லிசாய்த் தண்ணி.
கறுப்பு நடந்து போய்ப் பேசினில் விழுந்தது.

காய்ந்த பிறகு, பைகளைக் கழற்றி வயரைப் பூட்டி,
மகளின் முகப்பவுடரை எடுத்து
ரொக்கர் கவரின் விளிம்பெல்லாம் தூவிவிட்டு
ஸ்ராட் பண்ணினேன்.
கராஜில் யாரோ செய்ததை ஒருநாள் பார்த்தது.

கால் மணித்தியாலம்.
திருநீறு பூசின நெற்றியில்
வேர்வை கோடு கிழிக்குமே, அப்படி
பின்மூலையில் ஒரு நனைவு.
நின்று, யோசித்து, இறங்கியது.

ஓ, நீதானா.

எழுநூறு ரூபாய்க் காஸ்கற்.
இவ்வளவு அழுக்கும் அந்த ஒரு மூலையின் வேலை.
அழுக்கே அதை மறைத்தும் வைத்திருந்தது.
தவநீசனுக்குப் போன் எடுத்துத் திட்ட
வசனம் எல்லாம் அடுக்கினேன்.
எடுக்கவில்லை.
பேசின் நிரம்பி வழியப் பார்த்தது.

மூன்று வாளி.

சுன்னாகத்தில் வாடகைக்கு இருந்த வருசம்
ஒரு விடியற்காலை
மோட்டர் போட்டு ஏற்றிய தண்ணியில்
தேத்தண்ணி வைத்தேன்.
கோப்பையின் மேல் சின்னதாய் ஒரு வானவில்.
குடித்து முடியும் தறுவாயில்தான் கண்டேன்.
அதற்குப் பிறகு கனகாலம்
எந்தத் தண்ணியையும்
வெளிச்சத்தில் சரித்துப் பார்த்துத்தான் குடித்தோம்.

இங்கே ஆறில்லை, அடித்துக்கொண்டு போக.
கீழே சுண்ணாம்புக்கல், ஓட்டை ஓட்டையாய்.
கோண்டாவிலில் நான் ஊற்றுவது
எந்த வளவில், எந்த வாளியில் ஏறும்
என்று கல்லுக்குத்தான் தெரியும்.

பிரதேச சபைக்கு எடுத்தேன்.
“ஒயில் தண்ணியோ? அக்கா, உதை
எங்கையாவது ஒதுக்குப்புறமா ஊத்துங்கோவன்.”
சேர்விஸ் ஸ்ரேசனில் குழி இருக்காம்.
குழியிலிருந்து எங்கே போகும் என்று கேட்டேன்.
பெடியன் சிரித்தான்.
நல்ல பெடியன்தான்.

பின்னேரம் புதுக் காஸ்கற் போட்டாயிற்று.
பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது.
யேசுரட்ணம் அண்ணை வேலியால் எட்டி
“கலியாண வீட்டுக்கே விடலாம்” என்கிறார்.

மதிலோரம் மூன்று வாளியும்.
வடக்கில் இருட்டிக்கொண்டு வருகிறது.
மூடிகளின் மேல்
ஒவ்வொரு கல்லாய்த் தேடி வைக்கிறேன்.