அழித்தால் அழியாத கடன்

தடைக்காலம். தங்கச்சிமடத்து ஐஸ் பிளான்ட்டில்
அம்மோனியா வாடைக்கும் விடுமுறை.
கணக்கறையில் நானும்
விண்டோஸைக் கழற்றிவிட்டு
லினக்ஸ் ஏற்றிய பழைய பெட்டியும்.

சி டிரைவைத் தேடினேன்.
சியும் இல்லை டியும் இல்லை.
ஒரே ஒரு சாய்கோடு, அதிலிருந்துதான் எல்லாமாம்.
அதுவும் பதினோரு வருஷம் பழகிய கைக்கு
எதிர்ப்பக்கம் சாய்கிறது.

பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன்.
திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.
கீபோர்டு செத்துப்போச்சென்று கவிழ்த்துத் தட்டினால்
எப்போதோ தின்ற மிக்சரில் இரண்டு கடலை.
தொண்டியிலிருந்து ரிஸ்வானா போனில் சிரித்தாள்:
"வாங்கிக்கிரும் எஸ்கலின், வாங்குனதக் காட்டிக்கிறாது."
எங்க முதலாளி மாதிரி, என்றேன்.

பெரிய எழுத்தில் நண்டு, சின்ன எழுத்தில் நண்டு,
இதற்கு இரண்டும் வேறு வேறு.
ஏலக்காரனுக்கும் அப்படித்தானே.

கன்டெய்னர் என்றதும்
தூத்துக்குடிக்குப் போகும் இரும்புப் பெட்டி ஞாபகம்.
இமேஜ் என்றதும் போட்டோ.
ஒரு வாரம் இப்படியே போனது.
கேன் கழுவுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மத்தியானம்
தகர அச்சுகள் வரிசையாய்க் கவிழ்ந்து காய்ந்தன.
அச்சு இமேஜ். அதில் உறைந்து வருகிற கட்டி கன்டெய்னர்.
கட்டிக்குக் கட்டி தனி கம்ப்ரசர் கிடையாது,
எல்லாவற்றுக்கும் கீழே ஒரே உப்புத்தண்ணீர்த் தொட்டி.
தனியாக நின்று சிரித்த என்னை
வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார்.

அன்றைக்கே ஒரு கட்டி எடுத்தேன்.
போட்டுக்காரர்களின் ஐஸ் பாக்கி
நூற்று நாற்பத்து மூன்று வரி, மூன்று ராத்திரி.
நாலாம் நாள் காலை
சுத்தமாக வைத்துக்கொள்வோமென்று
ஓடாமல் நின்ற கன்டெய்னரை அழித்தேன்.
இது கேட்கவில்லை, 'நிச்சயமா' என்று.
குப்பைத்தொட்டியும் இல்லை போய்க் கிளற.

கட்டியின்மேல் ஆணியால் கீறிய கணக்கு.
கட்டி போனது, கணக்கும் போனது.
அச்சு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

அந்தப் பாக்கியில்
எங்கள் அண்ணன் போட்டுக்கு எண்பத்தாறு கட்டி.
நோட்டுப் புத்தகம் என் மேஜையில்தான்.
முதலாளி அதைக் கேட்டே வருஷமாகிறது.
ஒரு நிமிஷம்,
சரியாகச் சொன்னால் ஒன்றரை நிமிஷம்,
அந்தக் கட்டளைமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு வால்யூம் படித்தேன்.
சத்தம் கூட்டுகிற திருகு என்று இத்தனை நாள் தாண்டி வந்த பாடம்.
கட்டிக்கு வெளியே, கரையில்,
கணக்கை வைக்க ஓர் இடம். அவ்வளவுதான்.

நோட்டை விரித்து
எண்பத்தாறை முதல் வரியாக அடித்தேன்.
மற்றதை அதன் கீழே.

ஜூன் பதினாலு ராத்திரி
கம்ப்ரசர் இரும ஆரம்பித்தது.
ஜெட்டிப் பக்கம் டீசல் வாடை.
முதல் லாரி வருமுன் கன்டெய்னரை அழித்தேன்,
வேண்டுமென்றே.
அதே அச்சில் இன்னொன்று எழுப்பினேன்.

இருக்கிறது.
அண்ணன் பேர், எண்பத்தாறு.
வாசலில் அவன் குரல்:
"பத்துக் கட்டி போடு, எழுதிக்க."