வருகைப் பதிவேடு

ஒன்பதுக்கு மணியடித்தேன்.
சஸ்காட்செவன் சமவெளியில் ஓசையைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை.
காதில் விழாமல் இருந்திருக்காது.
ஒருவரும் வரவில்லை.

கொடி ஏற்றினேன். அடுப்புக்கு விறகு போட்டேன்.
முப்பத்தொரு பெயர்களையும் வாசித்தேன்,
ஒவ்வொன்றுக்கும் பிறகு
ஒரு பிள்ளை எழுந்து நிற்குமளவு நிறுத்தி.
ஹார்டர், யாக்கோப்.
டூக், கத்தரீனா.
வீபே, ஆகனேட்டா.
வரவில்லை. வரவில்லை. வரவில்லை.

சட்டம் கட்டிய பள்ளிக்கூடம்.
மேசைகளில் ஒரு பேனாக்கத்திக் கீறல் இல்லை.
பிள்ளைகள் அரை மைல் தள்ளி, தங்கள் பள்ளியில்,
தகப்பன்மாரின் ஜெர்மன் மொழியில்
வேதத்தை ராகம்போட்டு ஒப்பிக்கிறார்கள்.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கேட்கும்.
நன்றாகத்தான் பாடுகிறார்கள்.

யோஹன் வீபேயிடம் ஒரு கடிதம் இருந்தது.
அப்பா காலத்தில் ஒட்டாவா கொடுத்த வாக்கு:
பிள்ளைகளை உங்கள் விசுவாசப்படி வளர்த்துக்கொள்ளுங்கள்.
நகலின் நகல். மடித்து மடித்துத் துணிபோல் ஆகியிருந்தது.
நீதிபதி தொடாமல் குனிந்து படித்தார்.
வாக்குக் கொடுத்தவருக்கு அந்த அதிகாரமே கிடையாது என்றார்.
மத்திய அரசு வேறு, மாகாணம் வேறு என்பதை
மொழிபெயர்ப்பாளர் ஐந்து நிமிடம் விளக்கினார்.
வீபே கேட்டது ஒன்றுதான்:
அப்படியானால் இந்த நிலத்தை உழச் சொன்னது யார்?

பிள்ளைக்கு மாதம் பத்து டாலர் அபராதம்.
வீபேக்கு ஆறு பிள்ளைகள்.
அவர் கட்டவுமில்லை, தகராறு செய்யவுமில்லை.
கொட்டகைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.
போலீஸ்காரர் புகைபோட்ட பன்றித்தொடை இரண்டும்
கறவைப் பசு ஒன்றும் ஓட்டிப்போனார்.
கன்று இரண்டு நாள் கத்தியது.
அதுவும் இங்கே கேட்டது.

அபராதம் பள்ளி நிதிக்குப் போகும்.
பள்ளி நிதியிலிருந்து என் சம்பளம்.
அந்த மாதம் கம்பளிக் கோட்டு வாங்கினேன், பழுப்பு நிறம்.
பசுவும் பழுப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கும் சொல்ல ஒரு கதை உண்டு.
ஞாயிற்றுக்கிழமை சீட்டியடித்ததற்கு
என் அப்பா என்னை உருளைக்கிழங்கு நிலவறையில் பூட்டினார்,
இருட்டில் சங்கீதம் நூற்றுப் பத்தொன்பதை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை.
அவர் விசுவாசம், அவர் பிள்ளை.
யாரும் அவர் பசுவை ஓட்டிப்போகவில்லை.
என்னை வெளியே இழுத்தது ஒரு பூகோளப் புத்தகம்.
ஆகவே சட்டத்தின் பக்கம் நின்றேன்.
நின்றேன் என்றால்,
அடுப்பின் பக்கம், கைகளைக் காய்ச்சிக்கொண்டு.

பிப்ரவரியில் ஒரு பகல், ஜன்னலில் முகம்.
கறுப்பு முக்காடு, பத்து வயதிருக்கும்.
எழுந்தால் ஓடிவிடுவாள் என்று அசையாமலிருந்தேன்.
கண்ணாடியில் ஊதினாள். கையுறையைக் கழற்றி
விரலால் எழுதினாள்,
கொம்பும் வாலும் வைத்த பழைய ஜெர்மன் எழுத்தில்.
வெளியிலிருந்து எழுதியதால்
எனக்கு இடவலம் மாறித் தெரிந்தது.
படிப்பதற்குள் மேலே பனி படர்ந்துவிட்டது.
பெயரா, வசனமா, போய்விடு என்பதா?
உள்ளே வர ஆசையா என்று
அவளை நீதிபதி கேட்டதில்லை, அப்பா கேட்டதில்லை.
நானும் கேட்கவில்லை. அவள் மொழி எனக்குத் தெரியாது.
என் மொழி அவளுக்குத் தெரியாததுதான் வழக்கே.

மார்ச்சில் ரயில், மெக்சிகோவுக்கு.
கலப்பை, குதிரை, வேதாகமம், அவர்கள் பள்ளியின் பெஞ்சுகள்.
கடைசிப் பெட்டி போன பிறகு
பழக்கத்தில் ஒருநாள் மணியடித்தேன்.
அந்தக் கன்றுகூட இல்லை, நிமிர்ந்து பார்க்க.

பதிவேட்டை ஆய்வாளர் திருப்பி அனுப்பியிருந்தார்.
ஓரத்தில் சிவப்பு மை:
பிப்ரவரி ஒன்பதில் வீபே, ஆகனேட்டாவுக்கு எதிரே
'வந்தாள்' என்று இருக்கிறதே. பிழையா?

அவள் ஆகனேட்டாதானா என்பதுகூட எனக்குத் தெரியாது.

பிழைதான், என்று பதில் எழுதினேன்.
பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு
தபாலில் சேர்க்க நடந்தேன்.