ஒற்றைச் சிறகு

ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே
ராத்திரியில் திறந்திருக்கும் ஒரே கடை என்னுடையது.
மருந்துக் கம்பெனி காலண்டரில்
ஒரு வெண்கலத் தலை.
பொட்டில் பறவைச் சிறகு முளைத்திருக்கிறது,
ஒரு பக்கம் மட்டும்.
மற்றதை மண் தின்றுவிட்டதாம்.
கண் இருந்த இடத்தில் இரண்டு பொந்து.

"கிரேக்கத்துத் தூக்கச் சாமி சார், பேரு ஹிப்னோஸ்"
என்றான் ரெப் அமல்ராஜ்
சாம்பிள் அட்டைகளை எண்ணிக்கொண்டே.
அவன் சொன்னதில் பாதி கம்பெனி அச்சடித்தது,
பாதி அவனே கட்டியது.
இரவு என்பவள் பெற்ற பிள்ளை.
குகையில் குடித்தனம்.
வாசல் நெடுகக் கசகசாச் செடி, சேவலுக்கு அனுமதியில்லை.
ஒருமுறை தேவர் தலைவனையே தூங்கவைத்துவிட்டு
அடிக்குப் பயந்து ஓடி
அம்மா முந்தானைக்குள் ஒளிந்தானாம்.
இரவின் முந்தானையைப் பிடித்திழுக்க
அந்த இடிக்காரனுக்கும் துணிச்சல் வரவில்லை.

பாலம் தாண்டி, சுருட்டப்பள்ளியில்
நம் ஆள் படுத்திருக்கிறார்,
விஷம் குடித்த களைப்பில், அம்மாள் மடியருகே தலை.
தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா?
இரண்டு மொழியிலும் யாரும் கேட்பதில்லை.
பிரதோஷக் கூட்டம் திரும்பும் வழியில்
என்னிடம் வாயு மாத்திரை வாங்கும்.

தூங்குகிற சாமி நமக்கு உண்டு.
தூங்கவைக்கிற சாமி?
தமக்கை ஒருத்தி இருந்தாள், காக்கைக் கொடியோடு.
அவள் பெயரை வசவாக்கி
விடிந்தும் எழாத பிள்ளைகள்மேல் எறிந்தே
தீர்த்துவிட்டோம்.

பத்து மணிக்கு மேல் வருகிறவர்களிடம்
சாமி இருக்காது, சீட்டு இருக்கும்.
தடா பக்கம் நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்துப்
பகலில் கண்மூடத் தெரியாமல் போன பெண்கள்.
சாவடியில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்;
அவருக்கு வேண்டியது தூக்கம் வராதிருக்க. விரட்டிவிடுவேன்.
பிறகு செஞ்சுலட்சுமி.

நாகலாபுரத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து
அதே பஸ் திரும்புவதற்குள் ஏறிவிடுவாள்.
"நித்ர லேது அன்னா" என்றாள்.
புரியாதோ என்று, "தூக்கம் இல்ல."
இரண்டும் எனக்குத் தெரியும்.
சீட்டில் பத்து.
டாக்டர் கையெழுத்து சரி, தேதி சரி.
அவள் கைதான் சரியில்லை. நடுங்கவே இல்லை.
தூக்கம் கெட்ட கை நடுங்கும்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணும்.
இவள் ஐநூறு ரூபாய்க்கு மீதியே கேட்கவில்லை.
பயணம் கிளம்பியவள்போல்
தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள்.

அமல்ராஜ் சொல்லாமல் விட்டது
காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.
அவனோடு ஒரே கருவில் பிறந்தவன் ஒருவன் உண்டு.
பெயர் போடவில்லை.
மருந்துக் கம்பெனி போடுமா?

அட்டையைக் கத்தரித்தேன். இரண்டு.
"பதி ராசாரு கதா?"
ஸ்டாக் இல்லை என்றேன்.
பின்னால் ரேக்கில் நாற்பது அட்டை.
நாளைக்கு வா, இரண்டு தருகிறேன்,
வெறும் கூட்டைக் காட்டினால்.

மறுநாள் காட்டினாள். இரண்டு.
அதற்கு மறுநாளும்.
மாத்திரையைப் பிதுக்கி எடுத்து
ஒரு டப்பாவில் சேர்க்கிறாளோ என்று
அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.
அதோடு போனது என் தூக்கம்.
பாலத்துக்கு அப்பால் போர்டுகளில் எழுத்து மாறும், அவ்வளவுதான்.
எனக்குத் தெரிந்த எல்லை
இரண்டுக்கும் பத்துக்கும் நடுவே எங்கேயோ ஓடுகிறது;
அதற்கு ஒரு துருப்பிடித்த கத்தரிக்கோல்தான் காவல்.

ஒருநாள் வரவில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பாலம்வரை நடந்தேன்.
ஆரணியாற்றில் மணலும் நாயும்.
கோயில் பக்கம் ஒரு விளக்கு.
கும்பிட்டேனா என்று ஞாபகமில்லை.

அடுத்த ராத்திரி வந்து, பஸ் பஞ்சர் என்றாள்.
திட்டினேன், தெலுங்கில்;
வசவு எனக்கு அதில்தான் நன்றாக வரும்.
அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு
மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கினாள்.
எண்ணினாள். விரல் லேசாக ஆடியது.
ஐந்து ரூபாய் குறைகிறதென்று
மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.
வெளியே கடைசி பஸ் ஹாரன் அடித்தது.
இருடா, எண்ணி முடிக்கட்டும்
என்று கத்தினேன்.