நாற்பத்தொன்றாம் எண்

செவ்வாய்க்கிழமைப் படகில் வருகிறது
மீன் வாசம் ஒட்டிய தெர்மோகோல் பெட்டி.
உள்ளே, பனிக்கட்டிகளுக்கு நடுவே,
பதினேழு பேரின் மலம்.

மார்யுன் கையுறை மாட்டுகிறாள்.
ஃபாரோ தீவுகளில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு,
அதனால் பெயர்களை அழித்து எண் எழுதினார்கள்.
இருந்தும் நாற்பத்தொன்று யாரென்று அவளுக்குத் தெரியும்.
டப்பாவின் மூடியை வலைநூலால் மூன்று சுற்றுக் கட்டி
அனுப்புகிறவர் ஒருவர்தான்.

ரோக்வி.
நாளைக்கு இருபது முறை, ரத்தத்தோடு.
படகில் தூண்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி.
தங்கைக்கும் இதே புண்;
பதினெட்டு ஆண்டு கனன்று
கட்டியாய்த் திரண்டது.
நகமளவு அவள் குடல், மெழுகில் உறைந்து
இதே கட்டடத்தின் மூன்றாம் அலமாரியில் இருக்கிறது.
கையெழுத்திட்டுக் கொடுத்தது அவர்தான்.
பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஓராண்டு.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
எந்த மாத்திரையில் மருந்து என்று
அவருக்கும் தெரியாது, கொடுத்தவளுக்கும் தெரியாது.
இருபது பதினொன்றானது. ஆறானது. இரண்டு.
கேமரா உள்ளே போய்ப் பார்த்தபோது
ஆட்டுக்குட்டியின் உதட்டு உட்புறம் போல
வெறும் இளஞ்சிவப்பு.
மார்ச்சில் வாளியைக் கரையில் விட்டுவிட்டு
காட் மீனுக்குப் போனார்.

இன்று உறையின் முத்திரையை உடைத்தார்கள்.
மருந்து விழுங்கியவர்களில் பாதிப்பேர் தேறியிருந்தார்கள்.
வெறும் மாவு விழுங்கியவர்களில் ஒன்பது பேர்.
ஒன்பதில் ஒருவர் நாற்பத்தொன்று.

தொலைபேசியில் காற்று. கொடிமரத்தில் கயிறு அடிக்கும் சத்தம்.
"அப்படியென்றால் தினமும் காலையில்
நான் நன்றி சொன்னது எதற்கு?"

நோய் தானாகவும் வடியும், சில நேரம்;
கவனித்துக்கொள்ள ஆளிருந்தால் உடம்பு கொஞ்சம் இளகும்;
இவற்றையெல்லாம் சொல்லிப் பார்த்துத்தான் எண்ணை அழுத்தினாள்.
"தெரியவில்லை" என்றாள்.

"என் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிடுவீர்களா?"

"இல்லை. உங்களை வைத்துத்தான்
மருந்தையே அளக்கிறோம்."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.
வானிலை பற்றி ஏதோ சொன்னார்.
இந்த வாரம் படகு வராமல் போகலாம் என்றார்.

வந்தது, இரண்டு நாள் தாமதமாக.
பனிக்கட்டி பாதி உருகியிருந்தது.
மார்யுன் கத்தரிக்கோலை எடுத்தாள்.
மூடியில் இந்த முறை
நான்கு சுற்று.