சாம்பல் கழிவு

பத்திரத்தை நகலெடுக்க வருகிறவர்
இரண்டு செட் கேட்டால் அடகு.
ஐந்து செட் கேட்டால் விற்பனை.
காரைக்குடிப் பதிவு அலுவலகத்து எதிர்ச் சந்தில்
பத்தொன்பது வருஷம் ஜெராக்ஸ் போட்டதில்
எனக்குத் தெரிந்த சாத்திரம் இவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் ஓடும்போது
சர்வே எண்ணை மனசில் எழுதிக்கொள்வேன்.
இது பாவமா என்று ஒருமுறை
பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன்.
சாமியார் பதில் சொல்லுமுன்
கோட்டையூர் பக்கம் சென்ட் என்ன விலை என்றார்.

மலிவான வீட்டுக்கு ஒரு காரணம் இருக்கும்.
அதைத் தேடிப் பிடிப்பதே தொழில்.
கழனிவாசலில் வாங்கியது தெருக்குத்து.
செஞ்சையில் வாங்கியதில் ஒருவர் உத்திரத்தில்...
வேண்டாம். அதில் இப்போது
பாலிடெக்னிக் பையன்கள் நாலு பேர்
சத்தமாகப் பாட்டு வைத்துத் தூங்குகிறார்கள்.
வாங்குகிறவருக்குத்தான் வாஸ்து.
குடியிருக்க வருகிறவர் கேட்பது
தண்ணீர் எத்தனை மணிக்கு.

புதுவயலில் இந்த லைன் வீடு நாலு.
பதினோரு லட்சம் என்றார் தரகர் செபமாலை.
வீட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு,
வருஷத்துக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு,
நூற்றுக்கு ஏழே முக்காலும் சில்லறையும்.
வங்கி ஏழு கொடுக்கிறது.
அதற்கு மோட்டார் எரியாது, ஓடு மாற்ற வேண்டாம்.
ஆனால் அதன் சுவரை
நான் தட்டிப் பார்க்க முடியாது.

வில்லங்கம் முப்பது வருஷத்துக்கும்
துடைத்த தட்டு மாதிரி.
கையெழுத்துப் போட வேண்டிய பங்காளிகள் ஒன்பது பேர்,
ஈப்போவில் இருப்பவர் உட்பட
ஒன்பது பேரும் உயிரோடு, ஒரே மனதாக.
அதுதான் பயமாக இருந்தது.

மழை நாளில் போய்ப் பார்த்தேன், ஒழுகவில்லை.
ராத்திரி போனேன். நாய்கூடக் குரைக்கவில்லை.
கடைசியில் விடியக்காலை நாலு மணிக்கு
டிவிஎஸ் ஃபிப்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன்.
அரிசி மில்லின் புகைபோக்கி இருமியது.
தெருவிளக்கு வெளிச்சத்தில்
உமி எரிந்த சாம்பல்
ஓசையில்லாமல் இறங்கியது,
கொடியில் கிடந்த பள்ளிக்கூடச் சட்டை மேல்,
என் பெட்ரோல் டாங்கி மேல்.

மூன்றாம் வீட்டுப் பஞ்சவர்ணம் கதவைத் திறந்து
'காலி பண்ணச் சொல்ல வந்தீகளா' என்றாள்.
இல்லை, பார்க்க வந்தேன்.
'பாத்தாச்சுல்ல. கொடிக்கு மேல ஒரு தகரம் போடுங்க.
பழையவுககிட்ட ஏழு வருஷமாக் கேக்குறேன்.'

சாம்பலைச் சொல்லி எண்பதாயிரம் குறைத்தேன்.
செபமாலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்,
கமிஷனில் போகும் ஆயிரத்து அறுநூறுக்காக.

பதிவு முடிந்த வாரமே தகரம் போட்டேன்:
ஆறாயிரத்து அறுநூறு.
வீட்டுக்கு நூற்றைம்பது ஏற்றினேன்.
பதினோரு மாதத்தில் தகரம் எனக்கு இனாம்.
வாடகை ஒப்பந்தமும் பதினோரு மாதம்தான்.
யார் யோசித்து வைத்தார்களோ.

பஞ்சவர்ணம் தகரத்தை அண்ணாந்து பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
'எங்க காசுலயே போட்டுட்டீக' என்றாள்,
கோபமில்லாமல்,
கூட்டல் சரிபார்த்ததுபோல.

ஐந்தாம் தேதி அவள் தந்த நோட்டுகள்
ஓரத்தில் சாம்பல் பூத்திருந்தன.
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. சரியாக இருந்தது.
வாய் மட்டும் கொஞ்சம் கரகரத்தது.