ஒரு வசனம் காணும்

நூலக வாசலில்,
தொலைந்த பூனைக்கும் பழைய சோபாவுக்கும் நடுவே
ஸ்பானிஷ் சொல்லித்தர ஆள் இருப்பதாக ஓர் அட்டை.
அடியில் கிழித்தெடுக்க வெட்டிவிட்ட ஏழு வால்கள்,
ஏழும் அப்படியே.
ஒருவரும் கிழிக்காத இலக்கத்தை நம்பலாமா என்று
கொவென்ட்ரி மழையில் நின்று யோசித்தேன்.
பிறகு ஒன்றைக் கிழித்தேன்.

அதற்கு முன் மூன்று பேர்.
மலாகாவில் வீடு வைத்திருந்த பென்ஷன்காரர்
மணிக்கு முப்பத்தெட்டுப் பவுண் என்றார்.
தாய் அறையில் இருக்கக் கூடாதாம்.
இருந்தே தீருவேன் என்றேன். அதோடு முடிந்தது.
பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருத்தி,
படத்தில் நல்ல சிரிப்பு, பதில்தான் இல்லை.
மூன்றாமவர் திரையில் மட்டும் வருவாராம்.
எட்டு வயதுக்காரி திரையில் எதைப் பார்ப்பாள்
என்று எனக்குத் தெரியாதா?

இட்சியார் நேரில் வந்தாள்,
விடியற்புற பேக்கரி வேலையின் மா முழங்கையில்.
நான் கேட்க முதலே
பொலிஸ் பதிவுச் சான்றிதழை மேசையில் வைத்தாள்.
நான் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன்:
என்ன புத்தகம், வீட்டுவேலை எவ்வளவு,
ஆறாம் வகுப்புக்குள் எதுவரை போகலாம்.
லக்சிகா குறுக்கே விழுந்தாள்.
"எனக்கு முழுப் பாஷையும் வேண்டாம்.
ஒரு வசனம் காணும்."

என்ன வசனம்?
என்னை ஒருமுறை பார்த்தாள்.
எழும்பிப் போய் இட்சியாரின் காதுக்குள் சொன்னாள்.
அறையில் இருந்தே தீருவேன் என்றவள் நான்.
இருந்தேன்.
வெங்காயம் வெட்டினேன்.

இரவு, போர்வைக்குள்ளிருந்து, பாதியாய் வந்தது:
ஹொண்டுராஸிலிருந்து தை மாதம் வந்த மத்தியாஸ்
சாப்பாட்டு மண்டபத்தில் தட்டோடு வழுக்கி விழுந்தான்.
பட்டாணி உருண்டு மேடைவரை போனது.
எல்லாரும் சிரித்தார்கள்.
"நானும்தான் சிரிச்சனான் அம்மா, ஆனால்..."
போர்வை மூடிக்கொண்டது.

பெரோ என்றால் ஆனால்.
அதையே கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.
கறியைக் கரி என்று எழுதி
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் புள்ளி இழக்கிறவள்.
ஸ்பானிஷ் ஒரு சொல்லும் அறியாத நான்
அங்கேதான் மூக்கை நுழைத்தேன்.
நாக்கை அடி, அழுத்து, உருட்டு,
வல்லின றகரம் மாதிரி.
ஞாயிறு முழுக்க வீட்டில் ற ற ற,
மோட்டார்சைக்கிள் ஒன்று கிளம்ப முடியாமல் நின்றதுபோல.

திங்கள், விளையாட்டு நேரம்.
அவனிடம் நேரே போனாள்.
நானும் சிரித்தேன் என்பதைப் பிழையில்லாமல் சொன்னாள்.
அடுத்து, என் பயிற்சியோடு,
பெறோ.

பெறோ என்றால் நாய்.

நானும் சிரித்தேன், நாய்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்தானாம்.
பிறகு கைகளை முன்னால் மடக்கி
குவாவ் என்றானாம்.
அவர்கள் ஊர் நாய் அப்படித்தான் குரைக்குமாம்.
இவள் விடுவாளா?
வள் வள்.
மணி அடிக்கும்வரை இரண்டு நாயும்
வேலி ஓரம் குரைத்திருக்கின்றன.

ஆனாலுக்குப் பிறகு எழுதியிருந்தது
மடித்த தாளில், அவள் சப்பாத்துக்குள், இன்னும் கிடக்கிறது.
எடுத்து வாசிக்கலாம். எழுத்து தெரிந்த எழுத்துத்தான்.
எடுக்கவில்லை.

புதன் ஐந்து மணி, இருபத்திரண்டு பவுண்.
இந்த முறை இரண்டு வசனம் வேண்டுமாம்.

நேற்று நூலகத்துக்குப் போனேன்.
மிச்ச ஆறு வாலில் இரண்டைக் காணவில்லை.
ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்து
நாலையும் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.